ஆரஞ்சு லைனுக்கு யார் வர்றீங்க?

கிஸ்லான் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு புது லைனுக்குப் போனாள். ருக்கியாவை விட்டுவிட்டுப் போனாள். மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பித்தது.

கெனித்ரா நகரத்துக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டையில் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் போர்டில் விரித்து, கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி, கிளிப் போட்டு ஒரே கொத்தாக்கி அனுப்புகிற தொழிற்சாலை. கொத்து லாரியில் ஏறி, தாஞ்சியர் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஐரோப்பாவில் ஒரு பெரிய கார் கம்பெனிக்குப் போகும். இங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்திகூட அந்தக் காரில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அதன் கதவுக்குள் எந்த வயருக்குப் பக்கத்தில் எந்த வயர் போகிறது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிஸ்லானுக்குக் கைவேகம் அதிகம், பேச்சு குறைவு. அதனாலேயே சீக்கிரம் லைன் லீடர் ஆனாள். ருக்கியாவின் கையும் குறைந்ததில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. மெஷின் ரிப்பேர்க்காரன் தாமதமாக வந்தால் சண்டை, கழிப்பறைக்குப் போனவளை சூப்பர்வைசர் முறைத்தால் சண்டை. கிஸ்லான் லீடர் ஆன பிறகும் இருவரும் காலை பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்கள். ருக்கியா வீட்டிலிருந்து மஸ்மன் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். ஆளுக்குப் பாதி.

அந்த வருஷம் கார் கம்பெனி, இனிமேல் பெட்ரோல் வண்டியைப் படிப்படியாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மின்சார வண்டியாக்கப் போவதாக அறிவித்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே புதுக் கொட்டகை எழும்பியது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிள் வேறு ஜாதி. விரல் தடிமன், பளீரென்ற ஆரஞ்சு நிறம், தப்பாகச் செய்தால் ஆளைக் கொல்லும். அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை. உள்ளே போகிறவர்கள் மோதிரம், வளையல், கம்மல் எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஆரஞ்சு நிறக் கோட்டு கொடுத்தார்கள். சம்பளமும் கொஞ்சம் கூட.

ஆலை மேலாளர் அன்வர் பெர்ராதா கிஸ்லானைக் கூப்பிட்டு, "நீங்கதான் அந்த லைனுக்கு லீடர். ஆளுங்களை நீங்களே எடுத்துக்கோங்க" என்றார்.

அவள் வேகமான கைகளாகப் பார்த்து எடுத்தாள். ருக்கியா மறுநாள் பஸ்ஸில் நேராகவே கேட்டாள்.

"என்னை ஏன்டி விட்டே?"

கிஸ்லான் மழுப்பவில்லை. "உன் கைக்கு ஒரு குறையும் இல்ல. வாய்தான். புது லைன்ல முதல் மாசமே சண்டைன்னா என் தலைதான் உருளும்."

"அப்படியா. சரி, என் வாய் இங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் ருக்கியா பஸ்ஸில் ஐந்து வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

பழைய லைனை நடத்த ஆள் வேண்டுமே. மிஞ்சியவர்களில் மூத்தவள் ருக்கியா என்பதால் லீடர் வேலை அவளுக்கு வந்தது. அதை யாரும் பெரிய பதவியாக நினைக்கவில்லை. இன்னும் சில வருஷத்தில் இழுத்து மூடப்போகிற லைன். கிஸ்லானோடு போனவர்களில் ஹாஜர் என்று ஒருத்தி உண்டு. யாருக்கும் பட்டப்பெயர் வைக்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பழைய லைனுக்கு "மையவாடி", அதாவது இடுகாடு, என்று பெயர் வைத்துவிட்டாள். "மையவாடியில இன்னைக்கு எத்தனை பேர் எழுந்து வந்தாங்க?" என்று கேன்டீனில் கேட்பாள். ஆரஞ்சுக் கோட்டுக்காரிகள் சிரிப்பார்கள். கிஸ்லான் சிரிக்க மாட்டாள், அதட்டவும் மாட்டாள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஆரஞ்சு கேபிளுக்கான ஆர்டர் மெலியத் தொடங்கியது.

ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று கெனித்ராவில் யாரும் நேரில் பார்க்கவில்லை. ஒரு நாட்டில் மின்சார வண்டி வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திவிட்டது என்றார்கள். விலை அதிகம் என்று ஜனங்கள் யோசிக்கிறார்கள், சார்ஜ் போட இடம் போதவில்லை என்று பயப்படுகிறார்கள் என்றார்கள். கார் கம்பெனி பெட்ரோலை நிறுத்துகிற வருஷத்தைத் தள்ளிப் போட்டது. தொழிற்சாலைப் பெண்களுக்கு இதெல்லாம் லாரி மேடையில் தெரிந்தது. பழைய லைன் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆரஞ்சு பக்கம் ஒரு லாரி வந்தால் டிரைவர் இறங்கி, டீ குடித்து, தூங்கி எழுந்து, அதன் பிறகும் பாதி நிரம்பிய வண்டியோடுதான் போனான்.

கிஸ்லானின் கணவன் மீமூன் கெனித்ராவுக்கும் சிதி யஹ்யாவுக்கும் இடையே ஷேர் டாக்சி ஓட்டுகிறவன். ஒருநாள் சாப்பிடும்போது அவள் இந்த விவரத்தைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "என் டாக்சியில ஏறுறவன்கூட எங்க இறங்கணும்னு சொல்லிட்டுத்தான் ஏறுறான். உங்க கம்பெனி பாதி வழியில வந்து வண்டியைத் திருப்பச் சொல்லுது" என்றான்.

"திருப்பச் சொல்லல. ரெண்டு பக்கமும் போகச் சொல்லுது."

"அதுக்கு ரெண்டு டாக்சி வேணும்."

பழைய லைனில் இப்போது கூடுதல் நேர வேலை. சனிக்கிழமையும் ஷிப்ட். ரம்ஜானுக்கு முன்னால் அவர்களுக்கு ஊக்கத்தொகைகூட வந்தது. ஆரஞ்சுக் கொட்டகையில் பெண்கள் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பிறகு மூன்று நாள். வீட்டில் இருந்த நாளுக்குப் பாதிக் கூலி.

கடைசியில் அன்வர் இரண்டு லீடர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அவருக்கும் பேசப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆரஞ்சு லைனை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம். போர்டுகளைக் கழற்றி மூடி வச்சிடுவோம். ருக்கியா, உங்களுக்கு இன்னும் பன்னிரண்டு பேர் வேணும்னு கேட்டீங்க. அவங்கள்ள இருந்து எடுத்துக்கோங்க. மீதிப் பேர் ஆர்டர் வர்ற வரைக்கும் வீட்ல இருக்கட்டும்."

"யாரை எடுக்கணும்?" என்றாள் ருக்கியா.

"அது உங்க விருப்பம்."

கிஸ்லான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளிடமும் இதே மேஜையில் இதே பதிலைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

ருக்கியா தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் ஆரஞ்சுக் கோட்டுக்காரிகள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்து நின்றாள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"மையவாடிக்குப் பன்னிரண்டு பேர் வேணும்" என்றாள். ஹாஜர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "வேகமெல்லாம் நான் பார்க்கல. வீட்ல உட்கார முடியாதவங்க யாரு? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவள் டீ வாங்கப் போனாள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மெஹ்ஜூபா என்ற விதவை, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் காலம் தள்ளுகிறவள். அவளை யாரும் கேள்வியே கேட்கவில்லை. கணவன் ஸ்பெயினில் இருக்கிற ஒருத்தி தானாக விலகிக்கொண்டாள். அழுகை இருந்தது, ஒரு சின்னச் சண்டையும் இருந்தது. ருக்கியா திரும்பி வந்தபோது பதினோரு பேர் நின்றிருந்தார்கள். ஹாஜர் அதில் ஒருத்தி.

ருக்கியா உட்கார்ந்திருந்த கிஸ்லானைப் பார்த்தாள். "நீ?"

"என் வீட்ல டாக்சி ஓடுது. வேற யாராவது போகட்டும்."

"வேற யாரும் நிக்கலயே. டேப் சுத்த ஒரு ஆள் வேணும். லீடர் கோட்டு கிடையாது."

கிஸ்லானுக்குக் காது சுட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணில் படாதவளைத்தான் முதலில் மறப்பார்கள். "வர்றேன்" என்றாள்.

பத்து வருஷம் கழித்து டேப் சுற்ற நின்றால் விரல் எப்படிக் கேட்கும்? முதல் நாளே கட்டைவிரல் வீங்கியது. போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். தன் முன்னால் இருக்கிற நேரத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும். கிஸ்லான் போர்டுக்குப் பின்னாலேயே நடந்து அடுத்தவள் இடத்துக்குள் போய்விட்டாள்.

"கிஸ்லான், போர்டுதான் நகரணும், நீ இல்ல" என்று ருக்கியா லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நாற்பது பேர் சிரித்தார்கள். ஹாஜர் மட்டும் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் சிரிப்பது என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மீமூன் அவள் கையை வெந்நீரில் வைத்தான். "விட்டுடு" என்றான்.

"விட்டா அவ ஜெயிச்ச மாதிரி ஆகும்."

"விடலைன்னா விரல் போன மாதிரி ஆகும்."

அவள் விடவில்லை. இரண்டாவது வாரத்தில் விரல் பழகியது. பழகிய பிறகு சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. ருக்கியா லைனை நடத்துகிற விதம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருத்தியின் குழந்தைக்கு ஜுரம் என்றால் நடு ஷிப்டில் அனுப்பிவிடுவாள். மற்றவர்கள் சேர்ந்து அந்த இடத்தை இழுத்துப் பிடிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றிப் போடுவாள். மாற்றிய நாளில் வேகம் சரியும். மெஷின்காரனோடு சத்தம். சூப்பர்வைசரோடு சத்தம். கிஸ்லான் காலத்தில் வந்த எண்ணிக்கையை இந்த லைன் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் கிஸ்லான் காலத்தில் மாதத்துக்கு நாலைந்து பேர் வேலையை விட்டு ஓடுவார்கள். இங்கே யாரும் ஓடவில்லை. எது சரி என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. தான் செய்தது தவறு என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீனில் கூஸ்கூஸ். கிஸ்லான் தனியாக உட்கார்ந்திருந்த மேஜைக்கு ருக்கியா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பூசணித் துண்டை ஓரமாக ஒதுக்கினாள். அவளுக்குப் பூசணி ஆகாது. கிஸ்லான் பழக்கதோஷத்தில் அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"உன்னைத் திட்டினப்ப சந்தோஷமா இருந்துச்சு" என்றாள் ருக்கியா. "ரெண்டு நாள். அப்புறம் அலுத்துப்போச்சு."

"எனக்கு இன்னும் அலுக்கல. தினமும் உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டுத்தான் டேப் சுத்தறேன்."

"அதான் இவ்வளவு இறுக்கமா சுத்தறியா? தரக்கட்டுப்பாட்டுல உன் டேப்பைப் பாராட்டினாங்க."

இருவரும் சாப்பிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ருக்கியாவின் பக்கத்துச் சீட்டில் ஒரு பை இருந்தது. கிஸ்லான் ஏறியதும் ருக்கியா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் காலம் முடிந்தபோது அன்வர் மறுபடி கிஸ்லானைக் கூப்பிட்டார். இந்தத் தடவை பேனா மூடியைக் கழற்றவில்லை. முகத்தில் களை இருந்தது.

"ஹைபிரிட்" என்றார். "பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், பேட்டரியும் இருக்கும். ஜனங்க இப்ப அதைத்தான் கேக்கறாங்களாம். ஒரே வண்டிக்கு ரெண்டு வயரும் வேணும். மூடி வச்சிருக்கிற போர்டையெல்லாம் எடுக்கறோம். நீங்கதான் லீடர். முப்பது பேர் எடுத்துக்கோங்க. நாளைக்குப் பேர் குடுத்துடுங்க."

கிஸ்லான் வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷம்தான். முப்பது பெயரை எழுதுவது அவளுக்கு அரைமணி நேர வேலை. எழுதினால் மீதி இருப்பவர்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் இப்போது தெரியும். அவள் எழுதவில்லை. மத்தியானம் ருக்கியாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நீயும் வா. சேர்ந்து ஆள் எடுப்போம்."

"நான் எதுக்கு? பெட்ரோல் இன்னும் சாகல. என் லைன் எனக்கு இருக்கு."

"அப்ப நான் என்ன பண்ண?"

"கேளு. அவங்களுக்கும் வாய் இருக்குல்ல?"

கிஸ்லான் கேன்டீனில் எழுந்து நின்று கேட்டாள். இரண்டு லைன் பெண்களும் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களில் சிலரும் அன்று வந்திருந்தார்கள். "ஆரஞ்சு லைன் திரும்பத் திறக்குது. ஹைபிரிட் வண்டிக்கு. யார் வர்றீங்க?"

நாலு கை எழுந்தது. அதில் ஒரு கை ரொட்டி கேட்டு எழுந்த கை.

கிஸ்லான் இதை எதிர்பார்க்கவில்லை. முதல் தடவை ஆள் எடுத்தபோது அந்தக் கோட்டுக்காக அழுதவர்கள் இவர்கள். "ஏன்?" என்றாள்.

மெஹ்ஜூபா பதில் சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "போன தடவை லைன் நின்னப்ப ருக்கியா எங்களைச் சேர்த்துக்கிட்டா. இன்னொரு தடவை நின்னா யார் லைன்ல போய் நிக்கிறது? அப்ப அங்க இடம் இருக்குமோ இல்லையோ."

"சம்பளம் கூட, மெஹ்ஜூபா."

"பாதிக் கூலியில வீட்ல உட்கார்ந்தப்ப அந்தக் கூடுதலும் பாதியாத்தான் வந்துச்சு."

ஹாஜருக்கு வாய் திரும்பி வந்திருந்தது. "கம்பெனி பெட்ரோலையும் விடல, கரண்டையும் விடல. ரெண்டையும் இடுப்புல வச்சுக்கிட்டு நிக்குது. நாங்க மட்டும் ஒண்ணைத் தொட்டு சத்தியம் பண்ணணுமாக்கா? எங்களுக்கும் ரெண்டு வேலையும் கத்துக்குடுங்க. இங்க கொஞ்ச நாள், அங்க கொஞ்ச நாள் நிக்கிறோம். எது நின்னாலும் இன்னொண்ணு இருக்கும்."

சிரிப்பு எழுந்தது. சிரித்து முடிந்த பிறகு, அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. ருக்கியா தூரத்து மேஜையிலிருந்து, "இதுல என்ன தப்பு?" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்தே அன்வரிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"இடம் மாத்தி மாத்தி நின்னா கை வேகம் வராது. ஆரஞ்சு கேபிளுக்கு ஆளுக்கு ஆள் பரீட்சை, சான்றிதழ். முப்பது பேருக்குக் குடுக்கிறதை எண்பது பேருக்குக் குடுக்கச் சொல்றீங்க. மேல என்னை என்ன கேப்பாங்க தெரியுமா?"

"நாலு கை எழுந்துச்சு சார்" என்றாள் கிஸ்லான். "அதுல ஒண்ணு ரொட்டிக்கு."

"நான் போடற உத்தரவுக்கு வருவாங்க."

"வருவாங்க" என்றாள் ருக்கியா. "வந்து ஒரு மாசம் நிப்பாங்க. எதிர்ல ஸீட் கவர் தைக்கிற கம்பெனி ஆள் எடுக்குது. அப்புறம் முப்பது பேரையும் மொத்தமாப் புதுசாப் பிடிச்சுப் பயிற்சி குடுங்க."

அன்வர் அவளை முறைத்தார். அவள் வாயைப் பற்றி அவருக்கும் தெரியும். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, மேலே பேசுகிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. எண்பது பேர் இல்லை, ஐம்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம். மூன்று மாதம் பார்ப்போம், எண்ணிக்கை விழுந்தால் பழையபடி. லீடர்கள் இருவரும் இரண்டு வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் ருக்கியாவைப் படுத்தி எடுத்தது. கல்யாண மோதிரம் அவள் விரலை விட்டு வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்து, கடைசியில் நகைக்கடையில் வெட்ட வேண்டியதாயிற்று. ஆரஞ்சுப் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள். கையுறையைச் சோதிக்காமல் கேபிளைத் தொட்டுவிட்டாள் என்று தேர்வு நடத்த வந்திருந்த போர்ச்சுகல்காரன் அப்போதே வெளியே அனுப்பிவிட்டான். ஹாஜர் முதல் தடவையிலேயே தேறினாள். அந்த வாரம் முழுக்க ருக்கியா யாரோடும் சண்டை போடவில்லை. லைனில் எல்லோருக்கும் அது பயமாக இருந்தது. இரண்டாவது தடவை தேறினாள்.

முதல் மூன்று மாதம் அன்வர் சொன்னபடியே எண்ணிக்கை விழுந்தது. திங்கட்கிழமைகளில் ஆரஞ்சுக் கொட்டகைக்குப் போக வேண்டியவள் பழைய லைனுக்கு வந்து நிற்பாள்; தடித்த கேபிளுக்குப் பழகிய கை மெல்லிய வயரை இழுத்து அறுத்துவிடும். அன்வர் இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டினார்; ஆனால் யாரும் வேலையை விட்டு ஓடவில்லை என்பதால் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். நாலாவது மாதம் எண்ணிக்கை மெல்ல ஏறியது. கிஸ்லானின் பழைய எண்ணிக்கை வரவில்லை. ஆனால் வேலையை விட்டவள் ஒருத்திதான், அவளும் பிரசவத்துக்கு. அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மேலே இருந்தும் யாரும் கேட்கவில்லை.

வசந்த காலத்தில் கார் கம்பெனி மலிவான ஒரு மின்சார வண்டியை விற்பனைக்கு விட்டது. ஆரஞ்சு பக்கம் லாரிகள் நிற்க ஆரம்பித்தன. பெட்ரோல் லைனில் சனிக்கிழமை ஷிப்டை நிறுத்தினார்கள். சுவரில் ஒட்டிய தாளில் யார் எந்தப் பக்கம் என்று மாறியிருந்தது. பெண்கள் பார்த்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அந்தந்தப் பக்கம் போனார்கள்.

தாளுக்கு முன்னால் இரண்டு லீடர்கள் மட்டும் நின்றிருந்தார்கள்.

"ஹாஜர் இந்த ரெண்டு வாரம் எனக்கு" என்றாள் கிஸ்லான். "ஆரஞ்சுக்கு அவ கை வேணும்."

"போன தடவையும் உனக்குத்தான் போனா. எனக்குப் பேச ஒரு ஆள் வேணாமா?"

"நீ பேசறதுக்கு ஆள் எதுக்கு?"

ஹாஜர் இருவருக்கும் நடுவில் வந்து தாளைப் பார்த்தாள். கிஸ்லான் கையிலிருந்த பேனாவை வாங்கி, எதையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று கேன்டீன் பக்கம் நடந்தாள். ஷிப்ட் மணி அடித்தது. போர்டுகள் இரண்டு பக்கமும் நகர ஆரம்பித்தன.